தாராளம் என்பது ஓர் அளவு அன்று: கால்வாய்ப் படகு வாடகை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்வாய் விடுமுறைக்குப் படகுகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

சென்ற மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் நான், பணம் கட்டியும் அவர்கள் படகைப் பயன்படுத்த முடியாமல் திரும்பியதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். வந்தது ஐந்து வரி. நாரோபோட் எனப்படும் ஒடுக்கமான கால்வாய்ப் படகு இயல்பிலேயே குறுகியது, அதன் அகலத்தை வரலாறு முடிவு செய்துவிட்டது, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்றே அறக்கட்டளைகள் படகு வைத்திருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று அதில் இருந்தது. அதே வாரம் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில், எல்லோருக்கும் ஏற்ற விடுமுறை என்று தலைப்பிட்டிருந்த பக்கம் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது ஒரே வாக்கியம்: நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு எங்கள் படகுகள் பொருந்தா.

இந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பிறகு நான் தேடிப் பார்த்த மற்ற இணையதளங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. படுக்கை எத்தனை, தொலைக்காட்சி உண்டா, நாயைக் கூட்டி வரலாமா, எல்லாம் இருக்கிறது. கதவின் அகலம் மட்டும் இல்லை. ஆகவே இது உங்கள் எல்லோருக்குமான கடிதம். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்கு வந்து சேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் எங்கள் குடும்பங்கள் விடுமுறைக்குத் தனித்தனியாகப் போவதில்லை. முழங்கால் வலியோடு மாமி வருவார், இருதயச் சத்திர சிகிச்சை செய்துகொண்ட அப்பா வருவார், கைக்குழந்தையும் வரும். உங்கள் படகை எடுக்குமுன் அவர்கள் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

எனக்கு வயது 46. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். கையால் உருட்டும் வளையங்களோடு சேர்த்து என் நாற்காலியின் அகலம் 63 சென்டிமீட்டர். பிறந்த தேதியைப் போல அந்த எண் எனக்கு மனப்பாடம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

பதிவு செய்வதற்கு முன் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டேன். முதல் முறை பேசியவர், இரண்டு படிகள்தான், உள்ளே எல்லாம் சமதளம், சக்கர நாற்காலியோடு முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றார். நடைவழி எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார், சொல்லவில்லை. இரண்டாவது முறை வேறொருவர் எடுத்தார். “தாராளமாக இருக்கும்” என்றார். நான் அதை நம்பிப் பணம் கட்டினேன்.

மாமியின் எழுபதாவது பிறந்தநாளுக்காக ஏற்பாடு செய்த பயணம் அது. கணவர், பதினேழு வயது மகன், பன்னிரண்டு வயது மகள், மாமி, நான். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை பிற்பகல் மத்திய இங்கிலாந்தில் உள்ள அந்தப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து கரை வரைக்கும் தளர்வான சரளைக்கல். நாற்காலியின் முன்சக்கரங்கள் புதைந்தன. மகன் என்னைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டுதான் கொண்டுபோக முடிந்தது. படகு அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கரும்பச்சைப் பக்கவாட்டில் ரோஜாப் பூக்களும் கோட்டையும் தீட்டிய பலகை, கூரைமேல் அதே பூக்கள் வரைந்த தண்ணீர்க் குவளை. மகள் அதைக் கையால் தடவிப் பார்த்தாள்.

கணவர் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். பின்தளத்திலிருந்து உள்ளே இறங்க நான்கு படிகள். ஒவ்வொன்றும் 24 சென்டிமீட்டர் உயரம், பாதம் முழுதாகப் பதியாத ஆழம். முன்பக்கம் போனோம். எங்கள் ஊரில் படகின் முன்முனையை அணியம் என்பார்கள். அணியத்துக் கதவு 54 சென்டிமீட்டர், அதற்கும் உள்ளே இறங்கப் படிகள். குளியலறையை ஒட்டிப் போகும் நடைவழி 56. அளவுநாடாவின் நுனியைச் சுவரில் பிடித்துக்கொண்டு நின்ற மகள் எண்ணை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை அளந்தாள்.

படகைக் காட்ட வந்த இளைஞரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய முகம் சிவந்துபோனது. நான் வருவதாக அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் படிகளைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “இவர்கள் உங்களைத் தூக்கி இறக்கிவிட மாட்டார்களா?” என்று கேட்டார். ஒரு வாரத்துக்கு, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை.

அவர்கள் தூக்கிப் பார்த்தார்கள். கணவர் தோள்களின் கீழ் கைகொடுத்தார், மகன் கால்களைப் பிடித்தான். மூன்றாவது படியில் அவனுடைய செருப்பு வழுக்கியது. என் தோள் வாசல் விளிம்பில் இடித்தது. அவன் விட்டுவிடவில்லை. ஆனால் அவன் கைகள் நடுங்கியதை நான் முழங்காலில் பார்த்தேன். எனக்கு அங்கே உணர்வு கிடையாது, கண்ணால்தான் பார்க்க முடியும். உள்ளே போன பிறகு நாற்காலி சமையலறையைத் தாண்டவில்லை. கழிப்பறை அதற்கு அப்பால் இருந்தது. அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். உட்காரும் இடத்தில், சோபாவுக்கும் அடுப்புக்கும் நடுவே, கையடக்கக் கழிப்பறை ஒன்றை வைத்துத் தருவார்களாம். மாமியும் பிள்ளைகளும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். திரைச்சீலை உண்டா என்று மாமி கேட்டார். இல்லை.

நான் சிறுமியாக இருந்தபோது யாழ்ப்பாணத்து வேலணையிலிருந்து நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவோம். குறிகட்டுவான் துறையில் அப்பம்மாவை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் படகுக்குள் இறக்குவார்கள். அன்போடுதான் செய்வார்கள், காசு வாங்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அப்பம்மா எங்கள் யாரையும் பார்க்க மாட்டார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. அந்த ஆகஸ்ட் பிற்பகலில் என் மகன் என்னை இறக்கும்போது நானும் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்று மாலையே வீடு திரும்பினோம். மாமி தாமாகவே இறங்கி ஏறக்கூடியவர், ஆனால் அந்தப் படிகளில் ஏணியில் இறங்குவதுபோலத் திரும்பி நின்று, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர்களில் அவரைப் போன்றவர்கள் என்னைப் போன்றவர்களைவிட எத்தனையோ மடங்கு. அவர்கள் முறைப்பாடு எழுதுவதில்லை. அடுத்த ஆண்டு வருவதில்லை, அவ்வளவுதான்.

மேலாளர் இன்னொரு வழியும் காட்டினார். கூடுதல் பணம் கட்டினால் 70 அடிப் படகுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். நாரோபோட்டின் நீளம் கூடினால் அகலம் கூடுவதில்லை என்று படகு விடுகிறவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. உடல்நிலைக் காரணங்களுக்காகப் பயணத்தைக் கைவிட்டால் பணம் திருப்பித் தரப்படாது என்ற விதியைக் காட்டினார்கள். என் உடல்நிலை பதினொரு ஆண்டுகளாக மாறவில்லை. மாறியது அவர்கள் சொன்ன படிகளின் எண்ணிக்கை.

இனி அந்தப் பதில் கடிதத்துக்கு வருகிறேன்.

அகலத்தை வரலாறு முடிவு செய்தது உண்மை. 1766இல் வேலை தொடங்கி 1777இல் முடிந்த ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்காக, படகை மேட்டுக்கு ஏற்றிப் பள்ளத்துக்கு இறக்கும் லாக்குகளைப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி ஏறக்குறைய ஏழடி அகலத்தில் வகுத்தார். அதனால்தான் படகும் ஏழடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அந்தச் செங்கற் சுவர்களை இடித்துக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அதே வரலாறு படகைக் குதிரையை வைத்து இழுத்தது. நீங்கள் டீசல் இயந்திரம் வைத்தீர்கள். படகோட்டிக் குடும்பம் ஒன்று முழுதாகப் பின்பக்கத்துச் சிற்றறை ஒன்றில் படுத்து எழுந்தது. நீங்கள் வெந்நீர்க் குளியல், குளிர்சாதனப் பெட்டி, வெப்பமூட்டி எல்லாம் வைத்தீர்கள். வாடிக்கையாளர் கேட்டார், நீங்கள் செய்தீர்கள். வரலாறு குறுக்கே நிற்கவில்லை.

என்னைத் தடுத்தது பிரிண்ட்லியின் ஏழடி அன்று. படகுக்குள் ஏறத்தாழ ஆறடி அகலம் இருக்கிறது, அதாவது 180 சென்டிமீட்டர். என் நாற்காலிக்கு அது போதும். குளியலறையை ஒரு பக்கமாகத் தள்ளிச் சுவர் எழுப்பியபோதுதான் மீதி 56 ஆனது. அந்தச் சுவர் 18ஆம் நூற்றாண்டுச் சுவர் இல்லை, உங்கள் வரைபடத்தில் உள்ள ஒட்டுப்பலகை. குளியலறையைப் படகின் முழு அகலத்துக்கும் அமைத்து, நடுவில் கதவு வைத்து, அதன் வழியாகவே கடந்துபோகும் அமைப்பு உங்கள் படகு கட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ சொந்தப் படகுகளில் அப்படித்தான் இருக்கிறது. படிகளின் இடத்தில், நாற்காலியோடு ஆளை ஏற்றி இறக்கும் ஏற்றித்தூக்கி (லிஃப்ட்) வைப்பதும் புதுமை இல்லை. மேலும் எல்லாக் கால்வாயும் ஏழடி கிடையாது. லண்டனிலிருந்து பர்மிங்காம் வரை போகும் கிராண்ட் யூனியனின் பிரதான வழியிலும், ரெடிங்கிலிருந்து பாத் பக்கம் போகும் கெனட் அண்ட் ஏவனிலும் லாக்குகள் பெரும்பாலும் 14 அடி அகலம். அங்கே பத்தடி, பன்னிரண்டடி அகலப் படகுகள் ஓடுகின்றன. அந்த நீரில் தொழில் செய்கிறவர்களும் வரலாற்றைக் காரணம் சொன்னால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இவை எல்லாம் கற்பனையில் எழுதுவன இல்லை. அந்த ஆகஸ்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அறக்கட்டளை ஒன்றின் படகில் லாங்கொலன் கால்வாயில் ஐந்து நாட்கள் இருந்திருக்கிறேன். அணியத்தில் ஒரு மேடை. கரையிலிருந்து அதன்மேல் உருண்டு ஏறி, பொத்தானை அழுத்தினால் மெல்ல உள்ளே இறங்கும். தரை ஓரிடத்திலும் உயர்ந்து தாழவில்லை. படுக்கை என் நாற்காலியின் உயரத்தில் இருந்தது. சுக்கானைக் கைப்பிடி ஒன்றால் உட்கார்ந்தபடியே இயக்கலாம். நான் ஓட்டினேன். விரலால் தள்ளிய பின் ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு அத்தனை நீளப் படகும் மெதுவாக முகம் திருப்பும். மூன்றாம் நாள், கால்வாயையே இரும்புத் தொட்டியில் ஆற்றுக்கு மேலாகக் கொண்டுபோகும் பொன்ட்கிசில்ட்டே நீர்ப்பாலத்தைக் கடந்தோம். 1805இல் திறந்தது, தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டியது, 307 மீட்டர் நீளம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும் இருக்கும். மறுபக்கம் இரும்புத் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், அதற்கு அப்பால் 38 மீட்டர் கீழே டீ ஆறு. மகள் என் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பயப்படாதே என்று சொல்லும் இடத்தில் அன்றைக்கு நான் இருந்தேன். விபத்துக்குப் பிறகு அப்படி ஒரு நிலை எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

அப்படியானால் அறக்கட்டளைக்கே போக வேண்டியதுதானே என்பீர்கள். ஷ்ரோப்ஷியரில் லைனியல் டிரஸ்ட், லஃப்பரோவில் பீட்டர் லு மார்ஷான்ட் டிரஸ்ட், ஓடிஹாமில் அக்சஸிபிள் போட்டிங் என்று பல அமைப்புகள் தொண்டர்களின் உழைப்பால் இந்தப் படகுகளை நடத்துகின்றன. அவர்களுக்கு நான் என்றும் நன்றியுடையவள். ஆனால் ஓர் அமைப்பிடம் ஓரிரு படகுகள்தான் இருக்கும். நான் ஜனவரியில் அழைத்தபோதே பள்ளி விடுமுறை வாரங்களுக்கெல்லாம் பதிவு முடிந்துவிட்டிருந்தது. லாபம் கருதாத தொண்டர்கள் நன்கொடை திரட்டிச் செய்து காட்டியதை, அதே தொழிலைப் பணத்துக்குச் செய்கிற நீங்கள் முடியாது என்று சொல்லி, எங்களை அவர்கள் வாசலுக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். நான் நன்கொடை கேட்டு வரவில்லை. உங்கள் விலைப்பட்டியலில் இருந்த விலையைக் கட்டிவிட்டு வந்தேன்.

பாதுகாப்பைப் பற்றி அந்தக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் நீங்கள் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி அதுதான். சமையல் எரிவாயுவும் டீசலும் உள்ள ஒடுங்கிய இடத்தில் தீப்பிடித்தால் நான் எப்படி வெளியேறுவேன்? லாக்குக்குள் தண்ணீர் இறங்கும்போது பின்பக்கம் கல்விளிம்பில் மாட்டிப் படகு சரிந்தால்? இவற்றைப் பற்றி உட்கார்ந்து பேச நான் எப்போதும் தயார். மின்சாரம் போனாலும் கையால் இயங்கும் ஏற்றித்தூக்கி வேண்டும், முன்னும் பின்னும் வழி வேண்டும், உடன் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில படகுகளில் எனக்கு இடமே இல்லை என்ற முடிவுக்கும் வரலாம். அதை முன்கூட்டியே, காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வேன். படகுத்துறையின் சரளைக்கல்லில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வதைத்தான் ஏற்க முடியாது.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுமக்களுக்குச் சேவை வழங்குகிறவர்கள் உடல் இயலாமை உள்ளவர்களுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும், ஒருவர் வந்து கேட்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே யோசிக்க வேண்டும், அந்த மாற்றத்தின் செலவை அவர் தலையில் கட்டக்கூடாது என்கிறது அது. ஏழடிப் படகில் எது நியாயம், எது இல்லை என்று வாதிடலாம். அளவுநாடாவை எடுத்து ஒரு கதவை அளந்து இணையதளத்தில் எழுதுவது நியாயமா என்பதில் வாதத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு எவ்வளவு செலவாகும்?

நான் உங்களிடம் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அளவுகளை வெளியிடுங்கள். அடுத்த பருவத்துக்கான பதிவு தொடங்குமுன், ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக. கரைக்கும் தளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, படிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு படியின் உயரமும் ஆழமும், பிடிமானம் எந்தப் பக்கம், கதவுகளின் அகலம், நடைவழி மிக ஒடுங்கும் இடத்தின் அகலம், படுக்கையின் உயரம், கழிப்பறை இருக்கையின் உயரம். அளவுநாடா தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். இது என்னைவிட மாமியைப் போன்றவர்களுக்கு உதவும். பொருந்தா என்ற அந்த ஒற்றை வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். பொருந்துமா என்பதை அளவைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

நீங்கள் கொடுத்த தகவல் தவறாக இருந்து ஒருவர் படகில் ஏற முடியாமற்போனால், கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். அதை விதிமுறையில் எழுதுங்கள்.

வழிகளைப் பற்றியும் எழுதுங்கள். இருபத்திரண்டு மைல் தூரத்துக்கு லாக்கே இல்லாத ஆஷ்பி கால்வாய் இருக்கிறது, நாற்பத்தொரு மைல் லாக் இல்லாத லங்காஸ்டர் கால்வாய் இருக்கிறது. இரும்புத் திருகைச் சுழற்றவோ லாக்கின் கனத்த கதவை முதுகுகொடுத்துத் தள்ளவோ முடியாத ஒரு குடும்பத்துக்கு இந்தத் தகவல் ஒன்றே விடுமுறையைச் சாத்தியமாக்கும்.

புதிய படகு கட்டக் கொடுக்கும்போது, படகுத்துறைக்கு ஒன்றாவது, முழு அகலக் குளியலறையும் அணியத்தில் ஏற்றித்தூக்கியும் உள்ளதாகக் கட்டுங்கள். தனியாக முடியாத சிறு நிறுவனங்கள் அக்கம்பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 14 அடிக் கால்வாய்களில் இருப்பவர்கள் அகலப் படகிலிருந்தே தொடங்கலாம். அதற்கு வாடகை மற்றப் படகுகளைவிடக் கூடுதலாக இருக்கக்கூடாது. அது வருவதற்கு ஆண்டுகள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். சரளைக்கல்லுக்குப் பதிலாகக் கெட்டியான பாதை போடவும், துறையில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை ஒன்று கட்டவும் அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

உங்கள் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். குறிப்பாக, ஒரு பெண்ணைப் பார்த்து, உங்கள் மகன் உங்களைத் தூக்க மாட்டானா என்று கேட்கக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். படகுகளை அளக்க ஆள் இல்லை, நேரம் இல்லை என்று யாராவது சொன்னால், சனிக்கிழமைகளில் நானும் மகளும் வருகிறோம். அளவுநாடா எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
படகுத்துறையிலிருந்து திரும்பிப் போன உங்கள் வாடிக்கையாளர்